தடையும் நினைவூட்டலும்: இணையக் கவனச்சிதறலைக் குறைக்கும் மென்மையான கருவி ஒன்றின் வடிவமைப்பும் அதன் தமிழ் மொழிநடையும்

1. முன்னுரை

கணினித் திரையின் முன் அமர்ந்து படிப்பவரும் எழுதுபவரும் இன்று எதிர்கொள்ளும் பெரிய இடையூறு, படிக்கும் கருவியும் பராக்குக் காட்டும் கருவியும் ஒன்றாகவே இருப்பதாகும். ஓலைச்சுவடியை வாசித்தவர் வேறொன்றில் ஈடுபட வேண்டுமாயின் சுவடியைக் கட்டி வைத்துவிட்டு எழுந்து செல்ல வேண்டியிருந்தது. அந்த எழுந்து செல்லும் செயலே அவருக்கு ஓர் எச்சரிக்கையாக இருந்தது. அதே சுவடியின் படிமத்தை உலாவியில் வாசிப்பவருக்கு அத்தகைய எச்சரிக்கை எதுவும் இல்லை. செய்தித்தளமும் காணொளித்தளமும் சமூக ஊடகமும் அடுத்த தாவலிலேயே காத்திருக்கின்றன. எழுந்து செல்ல வேண்டிய தேவை நீங்கியதால், தாம் சென்றுவிட்டதையே வாசகர் அறிவதில்லை.

இந்த இடையூற்றைக் குறைக்கப் பல மென்பொருள்கள் தோன்றியுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை தடுப்பதையே வழியாகக் கொண்டவை. தடுப்பதற்கு மாறாக நினைவூட்டுவதை அடிப்படையாகக் கொண்ட ஒரு சிறிய கருவியை எவ்வாறு அமைக்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அயலகத்தில் வாழும் தமிழ்ப் படிப்பாளருக்குத் தடுப்புக் கருவிகள் ஏன் பொருந்துவதில்லை, மென்மையான கருவியின் உள்ளமைப்பு எவ்வாறு இருக்க வேண்டும், அக்கருவி தமிழில் பேசும்போது எந்த வினைவடிவங்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும் ஆகிய மூன்று வினாக்களுக்கு இங்கு விடை காணப்படுகிறது. மென்மை என்பது நிரலில் மட்டும் அமைவதன்று. அது மொழியிலும் அமைய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2. மடியும் பொச்சாப்பும்

கவனச்சிதறலைச் சோம்பலின் ஒரு வகையாகக் கருதும் வழக்கம் பரவலாக உள்ளது. திருக்குறள் இவ்விரண்டையும் வேறுபடுத்துகிறது. சோம்பலைக் கடிவது 61ஆம் அதிகாரமாகிய மடியின்மை. கடமையை மறத்தலைக் கடிவது 54ஆம் அதிகாரமாகிய பொச்சாவாமை. பொச்சாப்பு என்பது மகிழ்ச்சியின் மிகுதியால் நேரும் சோர்வு என்பதை அவ்வதிகாரத்தின் முதற்குறளே உணர்த்துகிறது. மடியுடையவன் செயலைத் தொடங்குவதில்லை; பொச்சாப்புடையவனோ தொடங்கிய செயலை இன்பமான வேறொன்றின் நடுவில் மறந்துவிடுகிறான். இணையத்தில் நிகழும் கவனச்சிதறல் இரண்டாம் வகையினது. மடிக்கு மருந்து ஊக்கம். மறதிக்கு மருந்து நினைவூட்டல். ஒன்றன் மருந்தை மற்றொன்றுக்குக் கொடுக்கும் கருவி பயன் தராது.

இந்த மறதி தானாகவே தோன்றுவதும் அன்று. சமூக ஊடகப் பக்கங்களில் அடுத்த பக்கத்திற்கான பொத்தான் ஒரு காலத்தில் இயல்பான நிறுத்தமாக அமைந்திருந்தது. 2006இல் ஏசா ராஸ்கின் வடிவமைத்த முடிவிலா உருட்டல் முறை பரவியதும் அந்நிறுத்தம் மறைந்தது. எத்தனையாவது முயற்சியில் பரிசு கிடைக்கும் என்று முன்னறிய இயலாதபோது செயல் விடாப்பிடியாகத் தொடரும் என்பதை பி. எப். ஸ்கின்னரும் சார்லஸ் பெர்ஸ்டரும் 1957இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். புதிய செய்தி உண்டா என்று ஒருவர் மீண்டும் மீண்டும் பக்கத்தை இழுத்துப் பார்ப்பதை அவ்வாய்வின் துணைகொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க் அலுவலகப் பணியாளர்களைத் தொடர்ந்து நோக்கி வந்தவர். 2004இல் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நிலைத்த கவனம், பிற்கால அளவீடுகளில் 47 நொடியாகக் குறைந்ததாக அவர் எடுத்துக்காட்டுகிறார். இங்கு அதனினும் முதன்மையானது அவருடைய மற்றொரு முடிவாகும். பணிக்கு நேரும் குறுக்கீடுகளில் ஏறத்தாழப் பாதி வெளியிலிருந்து வருவனவல்ல. பணியாற்றுபவரே தமக்குத் தாமே ஏற்படுத்திக்கொள்வன. தொலைபேசியின் ஒலியை அடக்கினாலும் இப்பாதி எஞ்சி நிற்கும். மென்மையான கருவி கருத்திற்கொள்ள வேண்டியது இந்தப் பாதியையே.

3. முன்னைய கருவிகள்

இத்துறையில் தோன்றிய கருவிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை தடுப்புக் கருவிகள். பிரெட் ஸ்டட்ஸ்மன் 2008இல் வெளியிட்ட 'பிரீடம்' குறித்த நேரம் வரை கணினியின் இணைய இணைப்பையே துண்டித்தது. கலைஞர் ஸ்டீவ் லாம்பர்ட் 2009இல் வெளியிட்ட 'செல்ப்கண்ட்ரோல்' பட்டியலிட்ட தளங்களை மட்டும் மூடியது. கணினியை அணைத்து மீண்டும் இயக்கினாலும், செயலியையே நீக்கினாலும், குறித்த நேரம் முடியும்வரை அத்தடை நீங்காது. உறுதியான மனநிலையில் இருக்கும் ஒருவர் தளர்ந்த மனநிலையில் இருக்கப்போகும் தம்மைக் கட்டிப்போடும் ஏற்பாடு இது.

இரண்டாம் வகை பரிசளிக்கும் கருவிகள். தைவானில் உருவாகி 2014இல் வெளிவந்த 'பாரஸ்ட்' செயலியில், பயனர் கைப்பேசியைத் தொடாதிருக்கும் வரை திரையில் ஒரு மரம் வளரும். இடையில் வேறு செயலிக்குச் சென்றால் அது பட்டுப்போகும். இன்பத்தை இன்பத்தால் வெல்லும் முயற்சி இது. ஆயினும் மரங்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதற்காகவே கைப்பேசியை எடுக்கும் நிலையும் இவ்வகைக் கருவிகளால் ஏற்படக்கூடும்.

மூன்றாம் வகை இடைநிறுத்தும் கருவிகள். பிரெடெரிக் ரீடல் உருவாக்கிய 'ஒன் செக்' செயலி இவ்வகைக்குத் தக்க சான்று. பயனர் ஒரு சமூக ஊடகச் செயலியைத் திறக்க முற்படும்போது இது இடையே தோன்றி, ஒரு மூச்சு விடுமளவு காத்திருக்கச் செய்து, திறக்கலாமா வேண்டாமா என்று கேட்கும். ரீடலும் டேவிட் குரூனிங், பிலிப் லோரென்ஸ்-ஸ்பிரீன் ஆகியோரும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், செயலியைத் திறக்க முயன்ற தருணங்களில் 36 விழுக்காட்டில் பயனர்கள் திறக்காமலே திரும்பினர். ஆறு வாரங்களில் திறக்கும் முயற்சிகளே 37 விழுக்காடு குறைந்தன. இவ்விடைநிறுத்தத்தின் கூறுகளைத் தனித்தனியே சோதித்தபோது, எளிதில் விலகிச் செல்லும் வாய்ப்பும் சிறு காத்திருப்பும் பயன் தந்தன. சிந்திக்கச் சொல்லும் வாசகம் அவ்வாறு பயன் தரவில்லை.

இம்முடிவு கருவியை அமைப்போருக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. பூட்டு இல்லாமலே பழக்கத்தை மாற்ற இயலும் என்பது ஒன்று. பொதுவான அறிவுரை வாசகத்தால் பயன் குறைவு என்பது மற்றொன்று. பின்னர்க் காணப்போகும் மொழித் தேர்வுகளுக்கு இவ்விரண்டாம் பாடம் அடிப்படையாகும்.

4. அயலகத் தமிழ்ப் படிப்பாளரின் நிலை

தடுப்புக் கருவிகள் ஒரு முற்கோளைக் கொண்டுள்ளன: பணி ஓரிடத்திலும் பராக்கு மற்றோரிடத்திலும் இருக்கும், இரண்டாவதை மூடினால் முதலாவது சிறக்கும். நூலகத்திலிருந்து நூல்களை எடுத்து வந்து மேசைமேல் அடுக்கிக்கொண்டு எழுதுபவருக்கு இது பொருந்தும். அயலகத்தில் தமிழ் பயில்வோருக்குப் பொருந்தாது.

ரொறன்ரோவிலோ ஓஸ்லோவிலோ மெல்பேர்ணிலோ வாழும் மாணவர் ஒருவருக்குச் சங்க இலக்கியமும் இடைக்கால உரைகளும் பெரும்பாலும் இணையத்தின் வழியாகவே கிடைக்கின்றன. 1998 முதல் தன்னார்வலர்களின் உழைப்பால் இயங்கிவரும் மதுரைத் திட்டம், 2005இல் தொடங்கி ஈழத்து ஆவணங்களைத் திரட்டிவரும் நூலகம் தளம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவையே அவருடைய நூலகங்கள். இணைப்பைத் துண்டித்தால் பராக்கோடு நூலகமும் மூடப்பட்டுவிடும். காணொளித்தளத்தின் நிலை இன்னும் சிக்கலானது. பண்ணிசைப் பதிவும் பேராசிரியரின் சொற்பொழிவும் திரைப்படத் துணுக்கும் அங்கு ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. தளத்தை முழுமையாகத் தடுப்பவர் ஒரு கல்விக்கூடத்தையும் சேர்த்தே தடுக்கிறார்.

குடும்ப உறவும் இதில் சேர்கிறது. கோடைக்காலத்தில் ரொறன்ரோவின் நேரம் யாழ்ப்பாண நேரத்திற்கு ஒன்பதரை மணி பின்தங்கியது. ஊரில் இருக்கும் பெற்றோர் இரவு உணவுக்குப் பின் ஓய்வாகப் பேச அமரும் 8 மணி, பிள்ளைக்குக் காலை பத்தரை மணி. படிப்பும் பணியும் உச்சத்தில் இருக்கும் பொழுது. வாட்ஸ்அப்பைப் பணிநேரம் முழுவதும் பூட்டிவிடும் கருவியைத் தாய்தந்தையரைப் பிரிந்து வாழும் ஒருவர் ஏற்கமாட்டார். ஏற்றாலும் முதல் வாரத்திலேயே நீக்கிவிடுவார். எனவே அயலகத் தமிழருக்கு வேண்டுவது எத்தளத்தையும் மூடாத, நோக்கத்துடன் வருவதையும் பழக்கத்தால் இழுபட்டு வருவதையும் வேறுபடுத்திக்கொள்ள உதவும் ஒரு கருவியாகும்.

5. கருவியின் அமைப்பும் இயக்கமும்

இங்கு விளக்கப்படும் கருவி உலாவியுடன் இணைந்து இயங்கும் ஒரு நீட்சி. விளக்கத்தின் வசதிக்காக இதனைத் 'திண்ணை' என்று குறிப்பிடலாம். தெருவிலிருந்து வருபவர் வீட்டிற்குள் நுழைவதற்கு முன் சற்று அமரும் இடம் திண்ணை. அது கதவன்று, யாரையும் தடுப்பதில்லை. ஆனால் தெருவுக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு கணத்தை அது உண்டாக்குகிறது.

5.1 பயனர் காண்பது

காலையில் உலாவியைத் திறக்கும்போது கருவி ஒரு வரியை எழுதச் சொல்கிறது. அன்றைய பணி என்ன என்பதே அவ்வரி. "குறுந்தொகை உரைகளில் நான்கை ஒப்பிட்டு முடிப்பேன்" என்பது போல் பயனர் தம் சொற்களிலேயே எழுதலாம், எழுதாமலும் விடலாம். தம் கவனத்தை இழுக்கும் தளங்களின் பட்டியலையும் அவரே வகுக்கிறார். கருவி தன் முடிவாக எந்தத் தளத்தையும் சேர்ப்பதில்லை.

பட்டியலில் உள்ள ஒரு தளத்தை அவர் திறந்தால், பக்கம் தெரிவதற்கு முன் வெண்மையான திரை ஒன்று தோன்றும். அதில் காலையில் அவர் எழுதிய வரி மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். பத்து நொடிக்குப் பின் மூன்று பொத்தான்கள் உள்ளே செல்லவும் வெளியேறவும் வழி தரும். வெளியேறும் பொத்தான் மட்டும் முதல் நொடியிலிருந்தே இயங்கும். திரும்ப நினைப்பவரைக் காக்க வைக்கத் தேவையில்லை. உள்ளே செல்பவர் 5 நிமிடம் அல்லது 20 நிமிடம் எனத் தாமே ஓர் அளவைக் குறிக்கிறார். அந்நேரம் முடிந்ததும் பக்கம் மூடப்படுவதில்லை. அதன் நிறங்கள் மெல்ல மங்கிச் சாம்பல் நிறமாகின்றன. மேலே ஒரு வரி தோன்றுகிறது. எழுதிக்கொண்டிருக்கும் மறுமொழி அழிவதில்லை. பேசிக்கொண்டிருக்கும் அழைப்பு அறுவதில்லை.

குறிப்பிட்ட ஒரு காணொளியின் முகவரியைச் சொடுக்கி நேரடியாக வருபவரைக் கருவி நிறுத்துவதில்லை. அவர் நோக்கத்துடன் வருகிறார். ஆயினும் பக்கத்தின் ஓரத்தில் நிற்கும் பரிந்துரைகளை அது மறைத்துவிடுகிறது. தளத்தின் முகப்புப் பக்கத்திற்கு வருபவரை மட்டுமே திண்ணையில் அமர்த்துகிறது. முகப்புக்கு வருபவர் பெரும்பாலும் எதையாவது காண வருகிறார். இன்னதைக் காண என்று வருவதில்லை. இந்த ஒரு வேறுபாடே கல்விக்கூடத்தையும் கேளிக்கைக்கூடத்தையும் பிரித்துக்கொள்ளப் போதுமானதாக அமைகிறது.

5.2 உள்ளே நிகழ்வது

இன்றைய உலாவி நீட்சிகள் மூன்று பகுதிகளால் ஆனவை. நீட்சியின் பெயரையும் அதற்கு வேண்டிய அனுமதிகளையும் உலாவிக்கு அறிவிக்கும் விவரக்கோப்பு, பின்னணியில் இயங்கும் நிரல், இணையப் பக்கத்திற்குள் நுழைந்து இயங்கும் பக்க நிரல் என்பன அவை. திண்ணைத் திரையை உண்டாக்குவது பக்க நிரல். பக்கத்தின் உள்ளடக்கம் தோன்றுவதற்கு முன்பே இது இயங்குமாறு விவரத்தில் குறிக்க வேண்டும். அரை நொடி தாமதித்தாலும் கவர்ச்சியான ஒரு தலைப்பு கண்ணில் பட்டுவிடும். அதன்பின் எழுப்பப்படும் திரையை வாசகர் தடையாகவே உணர்வார்.

காலக் கணக்கில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. குரோம் உலாவியின் மூன்றாம் பதிப்பு நீட்சி விதிகளின்படி, பின்னணி நிரல் வேலையின்றி ஏறத்தாழ 30 நொடி இருந்தால் உலாவி அதனை நிறுத்திவிடும். ஆகவே, "இருபது நிமிடம் எண்ணிக்கொண்டிரு" என்று அதனிடம் ஒப்படைக்க இயலாது. எண்ணிக்கொண்டிருப்பதற்கு மாறாக, முடியும் நேரத்தை உலாவியின் சேமிப்பில் எழுதி வைத்துவிட்டு, அந்நேரத்தில் எழுப்பிவிடுமாறு உலாவியின் அலார வசதியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நிரல் உறங்கினாலும் நேரம் தவறாது.

மற்றொரு சிக்கல் காணொளித்தளங்கள் இயங்கும் முறையால் எழுவது. அவற்றில் ஒரு பக்கத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது முழுப் பக்கமும் புதிதாக ஏற்றப்படுவதில்லை. முகவரி மட்டும் மாறி, உள்ளடக்கம் அங்கேயே மாற்றப்படுகிறது. பக்க நிரல் மீண்டும் தொடங்காததால் காணொளியிலிருந்து முகப்புக்குச் சென்றதை அது அறியாது. எல்லாப் பக்க மாற்றங்களையும் உலாவியே தெரிவிக்குமாறு அனுமதி பெறுவது ஒரு தீர்வு. ஆனால் அவ்வனுமதி பயனர் செல்லும் எல்லா இடங்களையும் கருவிக்குக் காட்டிவிடும். பட்டியலிட்ட தளத்திற்குள் இருக்கும் பக்க நிரலே நொடிக்கு ஒருமுறை முகவரியை ஒப்பிட்டுப் பார்ப்பது மற்றொரு தீர்வு. இது சற்றே அழகு குறைந்தது. எனினும் பயனரின் தன்மறைவைக் காப்பதால் இதுவே கொள்ளத்தக்கது.

இதே நெறி அனுமதிகள் அனைத்திற்கும் பொருந்தும். பயனர் ஒரு தளத்தைப் பட்டியலில் சேர்க்கும் கணத்தில் அந்தத் தளத்திற்கு மட்டும் அனுமதி கேட்கப்படுகிறது. பட்டியலில் இல்லாத பக்கங்களை இக்கருவியால் காண இயலாது. பணி வரியும் நேரக் குறிப்புகளும் பயனரின் கணினியிலேயே தங்குகின்றன. எந்த வழங்கிக்கும் அனுப்பப்படுவதில்லை. புள்ளிகளோ, தொடர் வெற்றி நாள்களின் கணக்கோ, பிறருடன் ஒப்பீடோ இதில் இல்லை. கவனத்தைக் காக்க வந்த கருவி, தானே கவனத்தைக் கவரும் பொருளாகிவிடக் கூடாது.

6. கருவி பேசும் தமிழ்

ஒரு கருவியின் இடைமுகத்தைத் தமிழாக்கும்போது ஆங்கில ஆணைகளுக்கு நேரான தமிழ் ஆணைகளை இட்டு நிரப்புவது வழக்கமாக உள்ளது. கோப்பைச் சேமிக்கும் மென்பொருளில் இதனால் பெருந்தீங்கு நேர்வதில்லை. மனிதர் ஒருவரைத் தம் செயலினின்று சற்றே விலக்க முற்படும் கருவியில், யார் யாரிடம் எந்நிலையில் நின்று பேசுகிறார் என்பதே பொருளாகிவிடுகிறது. இவ்வேறுபாடுகளைத் தமிழ் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே பதிவு செய்துள்ளது.

ஈ, தா, கொடு ஆகிய மூன்று சொற்களும் ஒன்றை வேண்டும்போது வழங்குவன. இவற்றுள் ஈ என்பதனை இழிந்தோனும், தா என்பதனை ஒப்போனும், கொடு என்பதனை உயர்ந்தோனும் கூறுவர் என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் வகுக்கிறது. வேண்டப்படும் பொருள் ஒன்றே; வேண்டுபவர் நிற்கும் இடமே சொல்லை மாற்றுகிறது. இன்றைய வழக்கில் அச்சொற்களின் பாகுபாடு மறைந்திருக்கலாம். அதன் அடிப்படையாகிய வினா மறையவில்லை: திண்ணை எந்நிலையில் நின்று பேச வேண்டும்? உயர்ந்தோனாக நின்று பேசினால் அது கண்காணிப்பாளராகிவிடும். இழிந்தோனாக நின்று கெஞ்சினால் பயனர் அதைப் பொருட்படுத்தமாட்டார். ஒப்போனாக நிற்பதே பொருந்தும்.

வினைவடிவங்களை இந்நோக்கில் வரிசைப்படுத்தலாம். 'திரும்பு' என்பது ஒருமை ஏவல். அறியாத ஒருவரிடம் கருவி இவ்வாறு பேசுவது முறையன்று. 'திரும்புங்கள்' மரியாதையுடையது, எனினும் ஏவலே. 'திரும்பவும்' என்பது அலுவலக அறிவிப்புப் பலகையின் குரல். பேசுபவர் யார் என்பதை அது மறைத்துவிடுகிறது. 'திரும்புக' என்னும் வியங்கோள் மூவிடத்திற்கும் ஐம்பாலுக்கும் பொதுவானது என்று நன்னூல் கூறுகிறது. அப்பொதுமையால் அது எவரையும் சுட்டிக் குத்துவதில்லை. ஆயினும் இக்கால வாசகருக்கு அது மேடையிலிருந்து வரும் அறவுரையாக ஒலிக்கிறது. 'திரும்பலாம்' என்பது இசைவு. அதில் கட்டளையில்லை, ஒரு வாய்ப்பு இருப்பதை மட்டும் அது சொல்கிறது. நேரம் முடிந்ததும் பக்கத்தின் மேலே தோன்றும் வரிக்கு இவ்வடிவமே தேர்ந்துகொள்ளப்பட்டது: "நீங்கள் குறித்த 20 நிமிடம் முடிந்தது. விரும்பினால் திரும்பலாம்."

வினாவிலும் இத்தகைய பாகுபாடு உண்டு. நன்னூல் அறுவகை வினாக்களைக் காட்டுகிறது. அவற்றுள் அறியாவினா தனக்குத் தெரியாததை அறிந்துகொள்ளக் கேட்பது. ஏவல்வினா கேட்பது போல் ஏவுவது. "இன்னும் பணியை முடிக்கவில்லையா?" என்று ஒரு திரை கேட்டால் அது ஏவல்வினா. வினாவின் உடையில் வரும் கண்டனம் அது. வீட்டில் பெரியவர்களிடம் பலமுறை கேட்டுப் பழகிய தொனி. அதைக் கேட்டவர் விடை சொல்வதில்லை; எதிர்க்கிறார் அல்லது நாணுகிறார். "இப்போது எதைக் காண வந்தீர்கள்?" என்பது அறியாவினா. கருவிக்கு உண்மையிலேயே விடை தெரியாது. அவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியில், தமக்கும் விடை தெரியவில்லை என்பதைப் பயனர் உணரக்கூடும். அந்த உணர்வே நினைவூட்டல். இக்கருவியில் வரும் வினாக்கள் அனைத்தும் அறியாவினாவாகவே இருக்க வேண்டும் என்பதை வடிவமைப்பு விதியாகக் கொள்ளலாம்.

பொத்தான்களில் வேறொரு சிக்கல் எழுகிறது. 'மூடு' என்று ஒரு பொத்தானில் எழுதினால், பயனர் பொறியை ஏவுகிறாரா, பொறி பயனரை ஏவுகிறதா என்பது விளங்காது. பிற மென்பொருள்களில் முதற்பொருளே கொள்ளப்படும். திண்ணைத் திரையிலோ கருவியும் பயனரும் உரையாடுகின்றனர். எனவே ஐயம் உண்மையானது. பொத்தான்களைத் தன்மை வினைமுற்றாக அமைத்தால் இவ்வையம் நீங்குகிறது: "திரும்புகிறேன்", "5 நிமிடம் பார்க்கிறேன்", "20 நிமிடம் பார்க்கிறேன்". இவற்றைச் சொல்பவர் பயனரே. தன்மை ஒருமை ஆண்பால் பெண்பால் வேறுபாடு காட்டாததால் எவருக்கும் பொருந்துகிறது. 'பார்க்கிறேன்' என்று தாமே கூறி உள்ளே செல்பவர், தாம் தேர்ந்த நேரத்திற்குத் தாமே பொறுப்பேற்கிறார்.

எண்ணிக்கையில் தமிழ் ஓர் எளிமையையும் தருகிறது. ஆங்கில இடைமுகங்களில் ஒருமைக்கும் பன்மைக்கும் இரண்டு வாசகங்கள் எழுத வேண்டும். பால்பகா அஃறிணைப் பெயர் என்னும் இலக்கணத்தால் '1 நிமிடம்', '5 நிமிடம்' என ஒரே வடிவம் இரண்டிற்கும் இயல்பாகப் பொருந்துகிறது. 'நிமிடங்கள்' என்று நீட்ட வேண்டியதில்லை. பொத்தானில் இடம் குறுகியிருக்கும்போது இது சிறிய உதவியன்று.

திரையின் நடுவில் வரும் முதன்மை வாசகம் பயனர் காலையில் எழுதிய வரியே என்பது முன்னர்க் கூறப்பட்டது. பொதுவான அறிவுரை வாசகம் பயன் தரவில்லை என்னும் ஆய்வு முடிவும் இத்தேர்வை வலியுறுத்துகிறது. பிறர் சொல்லும் அறிவுரை நாள்தோறும் ஒன்றாகவே இருந்து விரைவில் கண்ணுக்குப் படாமற்போகும். தாம் எழுதிய வரி நாள்தோறும் மாறுகிறது. அதன் சொற்களும் வழக்கும் தம்முடையவை. யாழ்ப்பாண வழக்கில் எழுதுபவருக்கு யாழ்ப்பாண வழக்கிலும், மலேசியத் தமிழில் எழுதுபவருக்கு மலேசியத் தமிழிலும் கருவி பேசுகிறது. எண்ணியதை இடைவிடாது எண்ணிக்கொண்டிருக்க இயலுமாயின் அதை அடைதல் எளிது என்னும் கருத்துடன் பொச்சாவாமை அதிகாரம் நிறைவுறுகிறது. எண்ணியதை மீண்டும் எண்ண வைப்பதைத் தவிர இக்கருவிக்கு வேறு பணி இல்லை.

7. வரம்புகள்

இக்கருவியை எவரும் ஒரு நொடியில் நீக்கிவிடலாம். அது குறையன்று, அதன் இயல்பு. தாமே விரும்பி ஏற்பவருக்கு மட்டுமே இது பயன்படும். பிள்ளைகளின் கணினியில் பெற்றோர் நிறுவிக் கண்காணிக்கும் கருவியாக இதனை மாற்றினால், ஒப்போன் நிலையில் அமைந்த அதன் மொழி முழுவதும் பொய்யாகிவிடும். கவனக்குறைவு மருத்துவ நிலையாக அமைந்தவர்களுக்கு இது மருத்துவ உதவிக்கு மாற்றாகாது.

உலாவிக்குள் இயங்கும் நீட்சி, கைப்பேசியின் தனிச் செயலிகளை எட்டாது. ஆண்ட்ராய்டில் பயர்பாக்ஸ் உலாவி நீட்சிகளை ஏற்கிறது. ஐபோனில் 'ஷார்ட்கட்ஸ்' வசதியின் தானியங்கு ஏற்பாட்டால், ஒரு செயலியைத் திறக்கும்போது வேறொன்றை முதலில் இயக்கலாம். இவ்வழிகளில் கருவியின் ஒரு பகுதியைக் கைப்பேசிக்கும் கொண்டுசெல்லலாம். ஆயினும் முகப்பையும் தனிப் பக்கத்தையும் பிரித்தறியும் நுட்பம் தனிச் செயலிகளில் இயலாது.

இவற்றினும் பெரிய வரம்பு ஒன்றுண்டு. விளம்பர வருவாயால் வாழும் தளங்கள், மக்கள் தங்கும் நேரத்தை நீட்டிக்கத் திறமிக்க பொறியாளர்களைக் கொண்டு உழைக்கின்றன. அவற்றுக்கு எதிரில் தனிமனிதரின் உலாவியில் வைக்கப்படும் ஒரு திண்ணை மிகச் சிறிது. பொறுப்பு முழுவதையும் பயனர் மீதே சுமத்திவிட்டு, தளங்களின் வடிவமைப்பைக் கேள்விக்கு உட்படுத்தாமல் விடுவதற்கு இத்தகைய கருவிகள் சாக்காகிவிடக் கூடாது.

8. முடிவுரை

இணையக் கவனச்சிதறல் சோம்பலன்று, மறதி என்பதும், ஆகவே அதற்குப் பூட்டைவிட நினைவூட்டலே ஏற்றது என்பதும் இக்கட்டுரையில் காட்டப்பட்டன. நூலகமும் உறவும் பராக்கும் ஒரே திரையில் கூடி நிற்கும் அயலகத் தமிழ்ப் படிப்பாளருக்கு இவ்வணுகுமுறை மேலும் இன்றியமையாதது. அணையா நிரலுக்கு மாறாகச் சேமித்த நேரம், எல்லாத் தளங்களுக்கும் மாறாகப் பட்டியலிட்ட தளங்களுக்கு மட்டும் அனுமதி, தளம் முழுவதற்கும் மாறாக முகப்பில் மட்டும் இடைநிறுத்தம் ஆகியவை அதன் தொழில்நுட்பக் கூறுகள்.

ஏவலுக்கு மாறாக இசைவு, ஏவல்வினாவுக்கு மாறாக அறியாவினா, பொத்தான்களில் தன்மை வினைமுற்று, அறிவுரைக்கு மாறாகப் பயனரின் சொந்த வரி ஆகியவை அதன் மொழிக் கூறுகள். இவை தமிழ் இலக்கண மரபிலிருந்து நேரே பெறப்பட்டவை. தமிழ்க் கணிமை இதுவரை எழுத்துரு, குறிமுறை, விசைப்பலகை, மொழிபெயர்ப்பு ஆகியவற்றில் பெரும்பணி ஆற்றியுள்ளது. மென்பொருள் மனிதரிடம் எந்த நிலையில் நின்று பேச வேண்டும் என்னும் வினாவையும் அப்பணியோடு சேர்த்துக்கொள்ள வேண்டிய காலம் வந்துள்ளது. இலக்கணம் கற்றோரும் நிரல் கற்றோரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரு பொத்தானின் சொல்லைத் தேர்ந்தெடுப்பார்களாயின், அச்சிறு சொல் பலருடைய ஒரு நாளைப் பயனுள்ளதாக்கும்.